திருமறை நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

செங்கல்பட்டு வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாவைக் கண்டோர், வழிபாடும் நாடகமும் அங்குப் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றியிருப்பதை அறிவர். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. அருச்சுனன் வேடம் பூண்டவர் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் ஏந்திக்கொள்கின்றனர். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தைக் கங்கையின் வருகை என அறிஞர் பலர் கொண்டபோதிலும், மக்கள் வழக்கில் அது 'அருச்சுனன் தபசு' என்றே நிலைபெற்றுள்ளது. கூத்து இம்மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. அவர்கள் செலுத்தும் வழிபாடேயாகும். இத்தகையதொரு மரபு இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையிலும் இருந்தது.

அதன் தோற்றம் மிக எளியது. பத்தாம் நூற்றாண்டில், உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனையில், யாரைத் தேடுகிறீர்கள் எனத் தேவதூதன் வினவுவதும் பெண்கள் விடை பகர்வதுமான சிறு உரையாடல் இலத்தீனில் பாடப்பட்டது. 970-ஆம் ஆண்டையொட்டி வின்செஸ்டர் பேராயர் எத்தல்வோல்டு தொகுத்த துறவற ஒழுங்குநூல் இதனை நடிக்கும் முறையை விளக்குகிறது. வெள்ளங்கி தரித்த துறவி ஒருவர் குருத்தோலை ஏந்திக் கல்லறையருகே அமர்வார். மூவர் தூபகலசங்களுடன், எதையோ தேடுவோர்போல் மெல்ல வருவர். இறுதியில் வெறுந்துணியை விரித்துக் காட்டுவர். ஆராதனைக்கு அழகூட்ட வெளியிலிருந்து கொணரப்பட்டதன்று நாடகம். ஆராதனையின் வினாவிடையிலேயே அது பிறந்தது.

பின்னர் அது ஆலயத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது. இலத்தீனைவிட்டு மக்கள் மொழியை ஏற்றது. 1264-இல் நான்காம் உர்பான் நிறுவிய நற்கருணைத் திருவிழா, பதினான்காம் நூற்றாண்டில் எங்கும் பரவியபின், நாடகங்களுக்குரிய நாளாயிற்று. யார்க் நகரில் படைப்பு முதல் இறுதித் தீர்ப்புவரை ஏறத்தாழ 48 நாடகங்களைத் தொழிற்குழுக்கள் சக்கர மேடைகளில் நடத்தின. நோவாவின் பேழையைக் கப்பல் கட்டுவோரும், கடைசி இராப்போஜனத்தை ரொட்டி சுடுவோரும் நடித்தனர். சிலுவையில் அறையும் காட்சி, ஊசியும் ஆணியும் செய்வோருக்கு உரியதாயிற்று. தம் கைத்தொழிலே தம் ஆண்டவரை அறைந்ததை அவர்கள் ஊர் நடுவே அறிக்கை செய்தனர் எனலாம்.

சீர்திருத்த காலத்தில் இம்மரபு தளர்ந்தது. யார்க்கில் 1569-இலும், செஸ்டரில் 1575-இலும் நாடகங்கள் இறுதியாக நடைபெற்றன. அதே 1575-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை வேதாகம வரலாறுகளை நாடகமாக்குவதைத் தடைசெய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செங்கல்பட்டில் பள்ளி நிறுவி நற்செய்திப்பணி ஆற்றிய ஸ்காட்லாந்து மிஷனெரிமார் அம்மரபின் வழிவந்தோரே. கூத்தையே வழிபாடாகக் கொண்ட மண்ணில், கேட்பதையே வழிபாடாகக் கொண்ட திருச்சபை வேரூன்றிற்று.

ஆயினும் நம் சீர்திருத்தத் திருச்சபை முற்றிலும் வாளாவிருக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி என்னும் நாட்டிய நாடக வடிவைத் தயங்காது மேற்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி'யை இயற்றினார்.

சீர்திருத்தத் தலைவர்களின் அச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. வேதத்தில் இல்லாத கதைகள் நாடகங்களில் புகுந்தன. பாடுகளின் நாடகங்கள் பல யூதர்மீது பகைமையை வளர்த்தன. 1634 முதல் நடைபெற்றுவரும் ஓபராம்மர்காவ் நாடகத்தின் உரையே அண்மைக் காலத்தில் இதன்பொருட்டுப் பெரிதும் திருத்தப்பட்டது. ஆகவே ஆய்ந்து தெளிதல் குருமாரின் கடமை. ஆனால் ஆய்தல் வேறு, அகற்றுதல் வேறு. கல்லறை வாயிலில் எழுந்த வினாவுக்கு விடை கூறும் உரிமை சபை மக்களுக்குரியது. யார்க்கின் ஆணித்தொழிலாளருக்கு அவ்வுரிமை இருந்தது. செங்கல்பட்டின் நெசவாளரும் உழவரும் கடலோடிகளும் நம் ஆராதனையில் கேட்போராக மட்டுமே அமர்ந்திருக்க வேண்டுமோ என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.