ரொட்டி யாருக்குச் சொந்தம்? – வில்லியம் ஆஃப் ஓக்கம்

கணினி அறிவியலோ தத்துவமோ படிப்பவர்கள் "ஓக்கமின் சவரக்கத்தி" என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒரு விஷயத்தை விளக்க இரண்டு காரணம் போதுமென்றால் மூன்றாவதைச் சேர்க்காதே, தேவையில்லாததைச் சிரைத்துத் தள்ளு என்பார்களே, அதுதான். இணையத்தில் தேடினால் இதற்கு ஒரு லத்தீன் வாசகமும் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த வாசகம் ஓக்கம் எழுதிய எதிலும் இல்லை! அவர் இறந்து கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1639இல், ஜான் பஞ்ச் என்ற அயர்லாந்துத் துறவி எழுதியது அது. கருத்து மட்டும் ஓக்கமுடையதுதான். வேறு சொற்களில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவர் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்தது இந்தக் கத்திக்காக அல்ல. ஒரு துறவி சாப்பிடும் ரொட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்காக. எனக்கு அவரிடம் பிடித்ததும் அந்தக் கதைதான்.

வில்லியம் 1287 வாக்கில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஓக்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இறையியல் படித்து, 1317 முதல் 1319 வரை பீட்டர் லொம்பார்டின் 'வாக்கியங்கள்' நூலுக்கு விரிவுரை நடத்தினார். அந்தக் காலத்தில் இறையியல் படிக்கும் எவரும் இதைச் செய்தாக வேண்டும். 'குதிரை' என்ற பொதுத்தன்மை தனியாக எங்கும் இல்லை, தனித்தனிக் குதிரைகள்தான் உண்டு, பொதுமை என்பது நம் மனதிலும் சொல்லிலும் இருப்பது என்று வாதிட்டார். தர்க்கத்துக்கு ஒரு பெரிய நூல் எழுதினார். ஆனால் பேராசிரியர் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்போது போப்பாண்டவர்கள் ரோமில் அல்ல, பிரான்சின் தெற்கே அவிஞ்ஞோனில் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் முன்னாள் வேந்தர் ஜான் லட்டரெல் அங்கே போய், வில்லியமின் எழுத்தில் தவறான கருத்துகள் இருப்பதாகப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். 1324இல் வில்லியமும் அவிஞ்ஞோனுக்கு வந்தார். விசாரணைக் குழு 51 கருத்துகளைப் பிரித்தெடுத்து அலசியது. இறுதித் தீர்ப்பு என்று எதுவும் வரவில்லை.

அங்கே இருந்தபோதுதான் ரொட்டிப் பிரச்சினை வந்து சேர்ந்தது.

பிரான்சிஸ்கன் துறவிகள் தனித்தனியாகவும் சரி, சபையாகவும் சரி, எதையும் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. இயேசுவும் சீடர்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. சரி, அப்படியென்றால் அவர்கள் தங்கும் வீடு, உடுத்தும் துணி, சாப்பிடும் ரொட்டி? 1279இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் ஒரு வழி சொன்னார். சொத்துரிமை போப்புடையது, துறவிகளுக்கு வெறும் பயன்பாடு மட்டும். 1322இல் போப் இருபத்திரண்டாம் ஜான் இந்த ஏற்பாட்டை உடைத்தார். சட்டம் நன்கு படித்தவர் அவர். வீட்டைப் பயன்படுத்தினால் வீடு அப்படியே இருக்கும், ஆனால் ரொட்டியைப் பயன்படுத்துவது என்றால் அதைத் தின்று தீர்ப்பது. தின்று தீர்த்த பொருளில் 'பயன்பாடு தனி, உரிமை தனி' என்று எப்படிப் பிரிப்பாய் என்று கேட்டார். நல்ல கேள்விதான், ஒப்புக்கொள்ள வேண்டும்! அடுத்த ஆண்டு இன்னும் ஒரு படி மேலே போனார். இயேசுவும் சீடர்களும் எதையுமே உடைமையாக வைத்திருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வது மதத்துரோகம் என்று அறிவித்தார். ஒரு சபையின் அடித்தளத்தையே இது அசைத்துவிட்டது.

வில்லியம் உடனே கொதித்தெழுந்தார் என்று நினைக்காதீர்கள். 1334இல் அசிசியில் கூடிய சபைத் துறவிகளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்: அவிஞ்ஞோனில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்தும் அந்த ஆணைகளை அவர் படிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் தவறு செய்வார் என்று எளிதில் நம்ப அவருக்கு மனமில்லை. சபைத் தலைவர் மிக்கேல் சேசேனா கட்டளையிட்ட பிறகே உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தபோது, தவறு போப் பக்கம்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

1328 மே 26 இரவு மிக்கேலும் வில்லியமும் இன்னும் சிலரும் அவிஞ்ஞோனிலிருந்து தப்பினார்கள். கடல் வழியாக இத்தாலி போய், போப்பின் எதிரியான பேரரசர் லுட்விக்கிடம் அடைக்கலம் புகுந்தார்கள். போப் அவர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். நீ வாளால் என்னைக் காப்பாற்று, நான் பேனாவால் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று வில்லியம் பேரரசரிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. பிற்காலத்தார் கட்டியதாகத்தான் தோன்றுகிறது.

பிறகு மியூனிக்கில் இருந்துகொண்டு 'தொண்ணூறு நாள் நூல்' எழுதினார். பெயர் அப்படி, அளவோ மலைபோல! போப்பின் வாதத்தை வரிவரியாக எடுத்து வைத்துப் பதில் சொல்கிறார். அதன் மையம் எளிமையானது. பயன்படுத்த அனுமதி இருப்பது வேறு, வழக்குப் போட்டுக் கேட்கக்கூடிய உரிமை இருப்பது வேறு. விருந்துக்குப் போகிறீர்கள், இலையில் இருப்பதைச் சாப்பிடுகிறீர்கள். அதை எடுத்துப்போய் விற்க முடியுமா? பரிமாறுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டால் நீதிமன்றம் போக முடியுமா? சாப்பாடு வயிற்றுக்குள் போனது, ஆனால் அது ஒருபோதும் உங்கள் சொத்தாக இல்லை. துறவியின் ரொட்டியும் அப்படித்தான்.

'உரிமை' என்ற சொல்லை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்ததால், தனிமனித உரிமை என்ற கருத்தின் தந்தையே இவர்தான் என்று மிஷேல் வில்லே என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். பிரையன் டியர்னி இதை மறுத்து, அதன் வேர் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்ட அறிஞர்களிடமே இருப்பதாக 1997இல் வந்த நூலில் காட்டினார். எனக்கு டியர்னி சொல்வதே சரியாகப் படுகிறது. ஓக்கம் புதிதாகக் கண்டுபிடித்தவரல்ல, ஏற்கெனவே இருந்ததை ஒரு சண்டைக்காகக் கூர்தீட்டியவர்.

அவருடைய 'உரையாடல்' என்ற நூலையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவன் கேட்கிறான், ஆசிரியர் பலர் கருத்துகளையும் எடுத்துச் சொல்கிறார், ஆனால் தன் முடிவு எது என்று மட்டும் சொல்வதில்லை. போப் மதத்துரோகியாக முடியுமா, பொதுச்சங்கம் தவறலாமா என்றெல்லாம் அந்த மாணவன் விடாமல் கேட்கிறான். விசுவாசம் எல்லோருக்கும் பொதுவானது, ஆகவே அதைப் பற்றிக் கூடும் சங்கத்தில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்ற வாதம்கூட அதில் வருகிறது.

இருபத்திரண்டாம் ஜான் 1334இல் இறந்தார். மிக்கேல் 1342இல் போனார். வில்லியம் 1347இல் மியூனிக்கில் இறந்து, அங்கே பிரான்சிஸ்கன் கோவிலில் அடக்கமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கோவிலை இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு சதுக்கமும் இசை நாடக அரங்கும் இருக்கின்றன. நகரின் வேறொரு மூலையில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.