ஏழு அழைப்புகள்: கொச்சி யூதரின் வாரத் தோரா வாசிப்பும் சமூக உரிமையும்

முன்னுரை

யூதரின் வாரத் தோரா வாசிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உரைமரபிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்த வாரப் பகுதியில் இன்ன சொல்லுக்கு இடைக்கால உரையாசிரியர் ராஷி என்ன பொருள் சொன்னார், மைமோனிடஸ் எங்கே மாறுபட்டார் என்று அந்த ஆய்வு விரியும். அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழுகைக்கூடத்தில் நடக்கும் வாசிப்பு ஒரு சமூக நிகழ்வும்கூட. யார் அழைக்கப்படுகிறார், யார் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார், யார் எங்கே உட்காருகிறார் என்பவற்றுக்கும் அங்கே விடை சொல்லப்படுகிறது. கொச்சி யூதர் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து இது: வார வாசிப்பு ஒரு சமூகம் தன் உறுப்பினர் யார் என்பதை வாரந்தோறும் அறிவிக்கும் சடங்கு, அந்த அறிவிப்பு, வாசிக்கப்படும் நூலோடு முரண்படவும் கூடும்.

வாசிப்பின் அமைப்பு

யூதரின் திருநூலான தோராவின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் ‘பராஷா’ என்று பெயர். ஓராண்டில் முழுநூலும் வாசித்து முடிக்கப்படும். சிம்ஹத் தோரா திருநாளில் கடைசிப் பகுதி முடிந்ததும் அதே வேளையில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் தொடங்கிவிடும். இந்த ஆண்டுச்சுற்று பாபிலோனிய மரபு. பாலஸ்தீன மரபில் இதே நூலை ஏறத்தாழ மூன்றாண்டுகளில் படித்து முடித்தனர். 12ஆம் நூற்றாண்டுப் பயணியான துதேலாவின் பெஞ்சமின், எகிப்தில் இரு மரபுகளும் பக்கத்துப் பக்கத்துக் கூடங்களில் நடப்பதைக் குறித்துவைத்தார். கொல்லம் பகுதி யூதரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

வாசிப்புக்கு மூன்று தேவை: கையால் எழுதிய தோல்சுருள், பத்துப் பேர் கொண்ட ‘மின்யான்’, அழைக்கப்படும் ஆட்கள். சுருளில் உயிர்க்குறிகளோ இசைக்குறிகளோ இல்லை; மெய்யெழுத்துகள் மட்டுமே. விரல் படக்கூடாது என்பதற்காக வெள்ளிச் சுட்டுகோல் ஒன்றை வரிமேல் நகர்த்திக்கொண்டே போவார்கள். வாசிப்பவர் ஓர் உயிரொலியைப் பிழையாகச் சொன்னால், பொருள் மாறும் இடத்தில் பக்கத்தில் நிற்பவர் உடனே திருத்துவார். வாசிப்பவர் அந்தச் சொல்லை மீண்டும் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாள் காலையில் ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். முதலில் குருமரபினர், அடுத்து லேவியர், பின் மற்றவர்கள். இந்த அழைப்புக்கு ‘அலியா’, அதாவது ஏறுதல், என்று பெயர்.

அழைக்கப்படுபவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நாளடைவில் பல சமூகங்களில் இல்லாமற்போனது. அவர் முன்னும் பின்னும் ஆசிமொழி சொன்னால் போதும். பயிற்சி பெற்ற வாசகர் அவருக்காக வாசிப்பார். எனவே அழைப்பு என்பது கல்விக்கான சான்றிதழ் அன்று, அது உறுப்புரிமை. கோயில் முதல்மரியாதைக்காக நீதிமன்றப் படியேறியவர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் எடையை விளக்க வேண்டியதில்லை.

மாடத்து மேடையும் பெண்களும்

கேரளத் தொழுகைக்கூடங்களில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத ஓர் அமைப்பு உண்டு. கூடத்தின் நடுவே ஒரு வாசிப்பு மேடை இருக்க, மாடத்தில் இரண்டாவது மேடை ஒன்றும் இருக்கும். சிறப்பு நாள்களில் சுருளை மாடிக்கு எடுத்துச்சென்று அங்கிருந்து வாசிப்பார்கள். அந்த மேடைக்குப் பின்னால், மரத்தடுப்புக்கு அப்பால், பெண்கள் பகுதி. சுருள் பெண்களுக்கு ஒரு கை தொலைவில் விரிந்திருக்கும்; ஆனால் அழைப்பு அவர்களுக்கு இல்லை.

இந்த விலக்குக்கான காரணத்தை யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதே மறைக்காமல் சொல்கிறது. ஏழு பேரில் ஒருவராக யாரும் ஏறலாம், பெண்ணும் ஏறலாம். ஆயினும் சபையின் மதிப்பைக் கருதி அறிஞர்கள் அதை விலக்கினர் என்கிறது அதன் மெகில்லா பகுதி. தடை நூலிலிருந்து வரவில்லை, சபையிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

கொச்சிப் பெண்கள் தடுப்புக்குப் பின்னால் சும்மா இருந்துவிடவில்லை. விவிலியக் கதைகளையும் அவற்றின் மரபுவழி விரிவுகளையும் யூத மலையாளத்தில் பாடல்களாக்கி, கையெழுத்து ஏடுகளில் எழுதிவைத்து, திருமணங்களிலும் விழாக்களிலும் பாடினர். ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் பதிப்பித்த ‘கார்குழலி’ தொகுப்பு இவற்றைப் பரவலாக அறியச்செய்தது. மேடையில் எபிரேயத்தில் நடந்த வாசிப்புக்கு வீட்டுமொழியில் எழுந்த உரை என்றே இப்பாடல்களைக் கொள்ளலாம்.

விடுபேறும் விடுவிக்கப்பட்டோரும்

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு உரிமையோடு எழுபத்திரண்டு ‘விடுபேறு’களை, அதாவது சிறப்புரிமைகளை, அது வழங்குகிறது. பல்லக்கு, குடை, பகல்விளக்கு என்று உரிமைகளைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாகவே அது பேசுகிறது. அச்செப்பேடு மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டுவந்தது. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள்.

அதே கூடத்தில் ‘மெஷுஹ்ராரிம்’ என்றொரு பிரிவினர் இருந்தனர். அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரும் அவர்களின் வழித்தோன்றல்களும் அவர்கள். நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் யூதர்களே. ஆயினும் கூடத்தின் உள்ளே இருக்கை இல்லை, தோராவுக்கு அழைப்பு இல்லை, பரதேசியரோடு மணவுறவும் இல்லை.

இது சமயச்சட்டத்தின் விளைவு என்று வாதிடலாம். விடுதலையும் சமயத்தில் சேர்த்தலும் முறைப்படி நடந்தனவா என்ற ஐயம் உண்மையில் எழுப்பப்பட்டதுதான். ஆனால் 16ஆம் நூற்றாண்டிலேயே இக்கேள்வி கெய்ரோவிலிருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் சென்றது. முறைப்படி விடுவிக்கப்பட்டுச் சடங்கு முழுக்கும் பெற்றவர் எல்லா வகையிலும் யூதரே என்பது அவர் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தது, நடைமுறை மாறவில்லை. ஆகவே தடையின் வேரைச் சட்டத்தில் தேடிப் பயனில்லை. சுற்றியிருந்த சாதிச் சமூகத்தின் தரவரிசையில்தான் அதைத் தேட வேண்டும்.

முரண் இங்கேதான் கூர்மையாகிறது. உள்நாட்டவனுக்கும் வந்துசேர்ந்தவனுக்கும் சட்டம் ஒன்றே என்ற விதி ‘போ’ என்னும் பராஷாவிலும் ‘ஷெலாஹ்’ என்னும் பராஷாவிலும் வருகிறது. இரண்டும் ஆண்டுதோறும் தவறாமல் வாசிக்கப்பட்டன. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் காதிலும் அது விழுந்திருக்கும்.

சேலமும் இரு ‘ஏறுதல்’களும்

மெஷுஹ்ராரிம் பிரிவில் பிறந்த ஏ.பி. சேலம் (1882–1967) சென்னையில் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். கொச்சி சமஸ்தானச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தொழுகைக்கூடத்து வாசலுக்கே கொண்டுவந்தார். வழிபாட்டைப் புறக்கணித்தார். 1930களில் தடைகள் தளர்ந்தன. இருக்கையும் படிப்படியாக அழைப்பும் கிடைத்தன. அவர் புதிய வேதவிளக்கம் எதையும் நிறுவ முயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விளக்கம் ஏற்கெனவே இருந்தது. அவர் கேட்டது மேடைக்கு ஏறும் வழி.

1933இல் பாலஸ்தீனம் சென்றுவந்தபின் அவர் சியோனிய ஆதரவாளராகவும் ஆனார். இஸ்ரேலுக்குக் குடிபெயர்வதற்கும் எபிரேயத்தில் ‘அலியா’ என்றே பெயர். 1950களின் நடுப்பகுதிக்குள் கேரள யூதரில் மிகப்பெரும்பாலோர் அந்த ஏறுதலை மேற்கொண்டனர். நெகேவ் பகுதியின் நெவாத்திமில் கொச்சியர் குடியேறினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் கூடத்தின் உட்புற மரவேலைகள் ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. சேலமோ கொச்சியிலேயே இருந்து மறைந்தார்.

முடிவுரை

வார வாசிப்பின் பொருள் சுருளில் மட்டும் இல்லை. சுருளைச் சுற்றி நிற்பவர்களிடமும் இருக்கிறது. மாடத்துத் தடுப்பும் வெளியே உட்காரவைத்த வழக்கமும் அதே நூலுக்குச் சபை எழுதிய உரைகள். பாடலும் சத்தியாக்கிரகமும் அந்த உரைகளுக்கு எழுந்த மறுப்புரைகள். ஒரு பராஷாவை ஆராய்வோர் உரையாசிரியரின் ஏட்டோடு அன்று அழைக்கப்பட்டோர், அழைக்கப்படாதோர் வரிசையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே இதன் ஆய்வுநெறிப் பயன்.

பரதேசிக் கூடத்தில் இன்று ஏழு பேரில் ஒருவராக ஏற எந்த யூத ஆணுக்கும் தடையில்லை. வெளியூரிலிருந்து யூதர்கள் வந்து சேர்ந்தாலொழிய, சுருளை விரிக்கத் தேவையான பத்துப் பேர்தான் இல்லை.