எரியாத படிகள்

பழைய ஓவியத்தைப் பார்த்துத் தீட்டுவதும் கலையாகுமோ என்று வினவுவோர் உளர். ஏடு பெயர்த்தெழுதியோர் இன்றேல் நமக்குச் சங்க நூல்கள் ஏது?

அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்க 1844இல் அமர்த்தப்பட்டவர் சென்னைப் படையைச் சேர்ந்த இராபர்ட் கில். ஆண்டுகள் பல உழைத்து அவர் தீட்டிய படங்களுள் மிகச் சிலவே 1866இல் இலண்டன் படிகமாளிகையில் மூண்ட தீக்குத் தப்பின. 1872 முதல் பம்பாய் ஓவியப்பள்ளி ஆசிரியர் கிரிஃபித்ஸ் தம் மாணவரோடு மீண்டும் படியெடுத்தார். அவற்றுள்ளும் பல 1885இல் இலண்டன் அருங்காட்சியகத்தில் எரிந்தன.

எனினும் பணி நிற்கவில்லை. 1909-11இல் ஹெரிங்காம் அம்மையாருடன் அங்குச் சென்று படியெடுத்த இளைஞருள் நந்தலால் போஸும் மைசூர் வெங்கடப்பாவும் இருந்தனர். பழஞ்சுவரின் ஒவ்வொரு கோட்டையும் பின்தொடர்ந்த நந்தலாலின் கை, 1921இல் பாக் குகை ஓவியங்களையும் படியெடுத்தது. பின்னர் அவர் சாந்திநிகேதன் கலாபவனத்தின் தலைவராகி, மாணவர் பலரை உருவாக்கினார். துணியில் தீட்டியது தீக்கிரையாகலாம். கை கற்றது கைமாறி வாழும்.

கும்மிடிப்பூண்டி ஆலையில் பணி முடித்து, இரவில் பழைய உருவப்படம் ஒன்றை முன்வைத்துத் தூரிகை பழகும் இளைஞர் எவரும் இம்மரபினரே. படி பிழைபடினும் அவர் நாணவேண்டுவதில்லை.