எஸ்ஏபி ஃபியோரியும் அதன் உருவாக்கக் கருவிகளும்

எஸ்ஏபி ஃபியோரி என்பது ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில் தலைமையகம் கொண்ட எஸ்ஏபி நிறுவனம், தன் வணிக மென்பொருள்களுக்காக 2013 மே மாதம் வெளியிட்ட பயனர் இடைமுகம். முதலில் 25 சிறு செயலிகளாக வந்தது. இன்று எஸ்/4ஹானா உள்ளிட்ட அந்நிறுவனத் தயாரிப்புகளுக்குப் பொதுவான வடிவமைப்பு முறையாக இருக்கிறது. இதற்கு முன்னும் பின்னுமாக, நிரல் எழுதுவோருக்கான கருவிகளையும் எஸ்ஏபி புதிதாக வெளியிட்டது. எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் சூழலில் ஓடும், ஏபாப் மொழிக்கான கருவிகள், எஸ்ஏபி யுஐ5 நூலகம், வெப் ஐடிஇ, பிசினஸ் அப்ளிகேஷன் ஸ்டூடியோ ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நிறுவன மென்பொருளில் புதியது வந்ததும் பழையது போய்விடுவதில்லை. இரண்டும் பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. ஃபியோரியின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தக் கூட்டுக்குடித்தனத்தின் வரலாறுதான்.

பின்னணி

ஐபிஎம் நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஐந்து பேர் 1972இல் எஸ்ஏபியைத் தொடங்கினர். ஹாசோ பிளாட்னரும் டீட்மார் ஹோப்பும் அவர்களுள் பரவலாக அறியப்பட்டவர்கள். பெருங்கணினிகளில் ஓடிய ஆர்/2 மென்பொருளுக்குப் பின் 1992இல் ஆர்/3 வந்தது. தரவுத்தளம் ஓரிடத்தில், நிரல் ஓடும் சர்வர் ஓரிடத்தில், பயனரின் மேசைக் கணினி ஓரிடத்தில் என்று மூன்றடுக்காக அமைந்த மென்பொருள் அது. மேசைக் கணினியில் ஓடிய சன்னலின் பெயர் எஸ்ஏபி ஜியுஐ.

அந்தச் சன்னலில் எதற்கும் ஒரு குறியீடு உண்டு. விற்பனை ஆணை போட விஏ01, கொள்முதல் ஆணைக்கு எம்இ21. ‘டி-கோடு’ என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். மேல் இடது மூலையில் உள்ள சிறு கட்டத்தில் குறியீட்டை அடித்து என்டர் தட்டினால் திரை வரும். குறியீட்டுக்கு முன் ஒரு சாய்கோடும் ‘என்’ எழுத்தும் இட்டால், இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் புதியதற்குப் போகும். ‘ஓ’ இட்டால் வேறொரு சன்னலில் திறக்கும். புதிதாக வருபவருக்கு இது புரியாத மந்திரம். பழகியவர் மவுஸைத் தொடாமலே ஒரு நாள் பில்களைப் போட்டு முடித்துவிடுவார். இந்த இரு உண்மைகளில் ஒன்றை மட்டும் பார்த்தவர்கள்தான் எஸ்ஏபி திரைகளைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள்.

நிரலாளரின் கருவிகளும் அதே சன்னலுக்குள்தான் இருந்தன. அட்டவணை உருவாக்க எஸ்இ11, நிரல் எழுத எஸ்இ38, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க எஸ்இ80. கணக்கர் பில் போடும் அதே மென்பொருளில் உட்கார்ந்து, அதன் நிரலையே திறந்து படிக்கலாம். எஸ்ஏபியின் சொந்த மொழியான ஏபாப் இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தது.

திரையை ‘டைன்ப்ரோ’ என்றார்கள். ஒவ்வொரு டைன்ப்ரோவுக்கும் இரண்டு பகுதி: திரை தோன்றுமுன் ஓடும் நிரல் ஒன்று, பயனர் என்டர் தட்டியபின் ஓடும் நிரல் ஒன்று. ‘இந்த வாடிக்கையாளருக்குக் கடன் வரம்பு தாண்டிவிட்டதா’ என்ற சோதனை, வரிக் கணக்கு, சேமிப்பு என எல்லாம் நாளடைவில் அந்த இரண்டாம் பகுதியில் குவிந்தன. திரையும் வணிக விதியும் ஒட்டிக்கொண்டன. விதியைத் தொடாமல் திரையை மட்டும் மாற்ற முடியாத நிலை இப்படித்தான் உண்டானது. பின்னால் வந்த ஒவ்வொரு புது இடைமுகமும் முட்டிக்கொண்ட சுவர் இதுவே.

முந்தைய முயற்சிகள்

1998இல் ‘என்ஜாய் எஸ்ஏபி’ என்ற பெயரில் பெரிய அழகுபடுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வடிவமைப்பாளர் ஹார்ட்முட் எஸ்லிங்கரின் ஃபிராக் டிசைன் நிறுவனம் அதில் பங்கேற்றது. அதன் பலனாக ஆர்/3இன் 4.6 பதிப்பில் வந்தவற்றுள் எம்இ21என் ஒன்று. பல திரைகளில் சிதறிக் கிடந்த கொள்முதல் ஆணையை ஒரே திரைக்குள் அடக்கிய வடிவம் அது. பழைய எம்இ21ஐ யாரும் எடுத்துவிடவில்லை. பழகியவர்கள் பழையதிலேயே ஆணை போட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்/4ஹானா வந்த பிறகுதான் அதற்கு விடை கொடுக்கப்பட்டது.

இணைய உலாவியில் திரைகளைக் காட்ட 1990களிலேயே ஒரு பாலம் கட்டப்பட்டது. பின்னர் உலாவிக்கென்றே எழுதப்பட்ட பிஎஸ்பி பக்கங்கள், வெப் டைன்ப்ரோ, பழைய திரையில் தேவையில்லாத கட்டங்களை மறைத்துத் தரும் ஸ்கிரீன் பெர்சோனாஸ் என ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் முந்தையதை அகற்றவில்லை. 2010 வாக்கில் ஒரே நிறுவனத்தின் எஸ்ஏபிக்குள் மூன்று நான்கு தலைமுறைத் திரைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

ஃபியோரியின் வருகை

2013இன் 25 செயலிகளும் வேண்டுமென்றே எளிய வேலைகளுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை: விடுப்பு கேட்பது, விடுப்பை அனுமதிப்பது, கொள்முதல் ஆணைக்கு ஒப்புதல் தருவது, வேலை நேரம் பதிவது. எஸ்ஏபியை அன்றாடம் திறக்காத ஊழியரும் மேலாளரும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளக்கூடியவை. ஒரு பயனர், ஒரு வேலை, அதிகபட்சம் மூன்று திரை என்று விதி வகுத்தார்கள். முழுநேரமும் எஸ்ஏபியில் உழைப்பவரைத் தொடாமல், ஓரத்தில் நிற்பவரிடமிருந்து தொடங்கியது நல்ல தந்திரம்.

விலையில்தான் சறுக்கியது. ஃபியோரியைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்றது எஸ்ஏபி. ஏற்கெனவே உரிமக் கட்டணமும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் கட்டிவரும் வாடிக்கையாளர்கள், பயன்படுத்தத்தக்க திரைக்கு இன்னொரு கட்டணமா என்று கேட்டார்கள். ஜெர்மன் மொழிப் பகுதியின் டிஎஸ்ஏஜி, அமெரிக்காவின் ஏசுக் ஆகிய பயனர் சங்கங்கள் இதை உரக்கவே கேட்டன. 2014 ஜூனில், ஃபியோரியும் ஸ்கிரீன் பெர்சோனாஸும் மென்பொருள் உரிமத்தோடு சேர்ந்தவை, தனி விலை இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. எஸ்ஏபி அளவுள்ள நிறுவனம் ஓராண்டுக்குச் சற்று மேலான காலத்தில் விலைக் கொள்கையை இப்படித் திருப்பிக்கொள்வது அடிக்கடி நடப்பதல்ல.

2015 பிப்ரவரியில், ஆர்/3 வழிவந்த மென்பொருளின் அடுத்த தலைமுறையான எஸ்/4ஹானா அறிமுகமானபோது ஃபியோரியே அதன் முதன்மை முகம் என்றாயிற்று. தோற்றம் அதன்பின் பலமுறை மாறியது: புளூ கிரிஸ்டல், 2016இல் பெலீஸ், 2019இல் குவார்ட்ஸ், பிறகு ஹொரைசன். எஸ்ஏபி தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருவின் பெயர் ‘72’. நிறுவனம் பிறந்த ஆண்டு அது.

வரைவுச் சிக்கல்

ஃபியோரியில் திரை உலாவியில் ஓடுகிறது. தரவு ஓடேட்டா என்ற நெறிமுறை வழியே சர்வரிலிருந்து வருகிறது. கேள்விக்குப் பதில் தந்ததும் சர்வர் பயனரை மறந்துவிடும். எஸ்ஏபி ஜியுஐ அப்படியல்ல. விற்பனை ஆணையைத் திருத்தத் திறந்தால் சர்வர் அந்த ஆணைக்குப் பூட்டுப் போடும். சன்னலை மூடும்வரை பயனரை நினைவில் வைத்திருக்கும். இன்னொருவர் அதே ஆணையைத் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி கீழே வரும். பூட்டு போட்டவர் சாப்பிடப் போயிருந்தால், எஸ்எம்12 என்ற குறியீட்டுக்குப் போய்ப் பூட்டை நீக்கச் சொல்லி, சர்வரைப் பராமரிக்கும் ‘பேசிஸ்’ குழுவுக்குத் தொலைபேசி பறக்கும்.

உலாவியில் இந்தப் பூட்டு முறை சரிப்படாது. பயனர் தாவலை மூடிவிட்டாரா, ரயிலில் சிக்னல் போய்விட்டதா என்று சர்வருக்குத் தெரியாது. இதற்குக் கண்ட விடை வரைவு. பயனர் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப, அது நிரந்தர அட்டவணைக்குப் போகாமல், அதே வடிவில் உள்ள ஒரு நிழல் அட்டவணையில் சேமிக்கப்படும். கணினி அணைந்தாலும் மறுநாள் வேறொரு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ‘சேமி’ அழுத்தும்போதுதான் சோதனைகள் முழுவதும் ஓடி, வரைவு உண்மையான ஆவணமாகும். சொல்ல எளிது. ஆனால் இதன் பொருள், டைன்ப்ரோவின் இரண்டாம் பகுதியில் பல ஆண்டுகளாகக் குவிந்த விதிகளைப் பிரித்தெடுத்து, திரை இல்லாமலே ஓடும்படி திரும்ப எழுதவேண்டும் என்பது. புதுத் திரைக்குப் பின்னால் புதுக் கருவிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

நிரலாளர் கருவிகள்

2012இல் ஏபாப் நிரலை எக்லிப்ஸ் சூழலில் எழுதும் கருவிகள் வெளியாயின. வெளியுலகில் ஜாவா நிரலாளர்களுக்கு எப்போதோ கிடைத்திருந்த வசதிகள் அப்போதுதான் ஏபாப்காரருக்கு வந்தன: ஒரு மாறியின் பெயரை மாற்றினால் பயன்பட்ட இடமெல்லாம் மாறுவது, பல நிரல்களைத் தாவல்களில் திறந்துவைப்பது போன்றவை. நிரல் மட்டும் இன்றும் சர்வரிலேயே இருக்கிறது. எக்லிப்ஸ் அதைத் திறந்து காட்டும் சன்னல்தான். அடுத்த ஆண்டு வந்த ஏபாப்பின் 7.40 பதிப்பு மொழியையே சுருக்கியது. மாறிகளை மேலே அறிவித்துவிட்டுக் கீழே பயன்படுத்தும் வழக்கம் போய், வேண்டிய இடத்திலேயே அறிவிக்கலாம் என்றானது.

திரைப் பக்கம் எஸ்ஏபி யுஐ5 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் நின்றது. 2013 டிசம்பரில் அதன் பெரும்பகுதி ஓப்பன் யுஐ5 என்ற பெயரில் அப்பாச்சி 2.0 உரிமத்தோடு திறந்தமூலமாக்கப்பட்டது. மூடிய கதவுகளுக்குப் பெயர்போன நிறுவனத்தில் இது பெரிய மாற்றம். ஏபாப் மட்டுமே அறிந்தவருக்கு இது வேறோர் உலகம். ஒரே செயலிக்கு ஏபாப் ஆள் ஒருவர், யுஐ5 ஆள் ஒருவர் என்று திட்டங்களில் இரட்டை ஆள் போட வேண்டியிருந்தது. சென்னை, பெங்களூரு சேவை நிறுவனங்களின் வேலை விளம்பரங்களில் ‘ஃபியோரி’ தனித் தகுதியானது இப்படித்தான்.

அந்தச் சுமையைக் குறைக்க வந்தது ஃபியோரி எலிமென்ட்ஸ். இதில் நிரலாளர் திரையை வரைவதில்லை. தரவின்மேல் குறிப்பு எழுதுகிறார். இந்தப் புலம் பட்டியலில் 10ஆம் இடத்தில் வரட்டும், அந்தப் புலம் 20ஆம் இடத்தில், இது தேடல் கட்டமாகவும் இருக்கட்டும் என்று எழுதினால், பட்டியல் திரையும் விவரத் திரையும் தாமாக அமையும். பத்துப் பத்தாக எண்ணிடுவது நடுவில் ஒன்றைச் செருகவேண்டி வந்தால் உதவும். விற்பனை ஆணையின் வரிசைகளுக்கும் எஸ்ஏபி இப்படித்தான் எண்ணிடுகிறது. இக்குறிப்புகள் சிடிஎஸ் என்னும் தரவு வரையறைகளின்மேல் அமர்கின்றன. வரைவு, பூட்டு, சோதனை ஆகியவற்றை அறிவிப்பாகவே எழுதவைக்கும் ‘ரேப்’ முறை அந்த வரையறைகளின்மேல் எழுந்தது. திரையும் விதியும் ஒருவழியாகப் பிரிந்தது இங்கேதான்.

உலாவியிலேயே நிரல் எழுதும் வெப் ஐடிஇ 2014இல் வந்தது. 2020இல் அதன் இடத்துக்கு பிசினஸ் அப்ளிகேஷன் ஸ்டூடியோ வந்தது. ஆறே ஆண்டில் கருவி மாறியதை நிரலாளர்கள் அவ்வளவு ரசிக்கவில்லை. எஸ்இ80இல் கற்றது இருபது ஆண்டு சோறு போட்டது என்பது அவர்கள் தரப்பு நியாயம். 2022 நவம்பரில் குறைந்த நிரலில் செயலி உருவாக்கும் எஸ்ஏபி பில்டு, 2023 செப்டம்பரில் ஜூல் என்ற செயற்கை நுண்ணறிவுத் துணை, அதே ஆண்டு நவம்பரில் பெங்களூருவில் நடந்த எஸ்ஏபியின் டெக்எட் மாநாட்டில் நிரல் எழுத உதவும் பில்டு கோடு என அறிவிப்புகள் தொடர்ந்தன.

நிறுவனத்துக்குள் ஒரு வெளியீடு

மேடையில் அறிவிப்பதற்கும் கிடங்கு மேற்பார்வையாளரின் கணினியில் அது தெரிவதற்கும் இடையே மாதக்கணக்கு, சில இடங்களில் ஆண்டுக்கணக்கு. உருவாக்கச் சர்வரில் செய்த மாற்றம் ‘டிரான்ஸ்போர்ட்’ ஆகக் கட்டப்பட்டு, சோதனைச் சர்வருக்கும் பிறகு உற்பத்திச் சர்வருக்கும் போகும். பழைய டி-கோடாக இருந்தால் பயனரின் அனுமதித் தொகுப்பான ரோலில் அந்தக் குறியீட்டைச் சேர்த்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஃபியோரி செயலிக்கு, முகப்பில் அதைத் திறக்கும் கட்டமான டைலைக் காட்டும் கேட்டலாக் தனி, ஓடேட்டா சேவைக்கான அனுமதி தனி. சேவையை உற்பத்திச் சர்வரில் இயக்கிவைத்திருக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனால் டைல் தெரியும், தொட்டால் செயலி திறக்காது. எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்குப் பழைய திரையே வரும். உலாவி தன் தேக்கத்தில் வைத்திருந்த பழைய நிரலைக் காட்டுவதே காரணம். ‘கேஷைக் கிளியர் பண்ணுங்க’ என்பது, புதியது பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவ் நாளில் உதவி மேசையில் ஓயாமல் கேட்கும் வாசகம்.

ஃபியோரிமீதான விமர்சனத்தில் நியாயம் உள்ள பகுதி வேகம் பற்றியது. நாளெல்லாம் நூற்றுக்கணக்கான வரிகளைப் பதியும் கணக்கருக்கு, இடைவெளி விட்டுக் காற்றோட்டமாக வரையப்பட்ட ஃபியோரித் திரை ஒரு பார்வையில் காட்டும் தகவல் குறைவு. எஸ்ஏபி இதை உணர்ந்து, நெருக்கமான வரிசைகள் கொண்ட காட்சியையும் விசைப்பலகைக் குறுக்குவழிகளையும் தந்தது. முதல் சந்திப்பில் மிரளவைக்கும் விஏ01 திரையை, பழகிய கை இன்னும் விட மறுக்கிறது.

தற்போதைய நிலை

ஆர்/3க்குப் பின் வந்த பழைய ஈசிசி 6.0 மென்பொருளின் அண்மைப் பதிப்புகளுக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 இறுதிவரை நீளும். எஸ்/4ஹானாவுக்கு மாறிய நிறுவனங்களிலும் ஃபியோரி முகப்பில் உள்ள டைல்களில் ஏராளமானவை, தொட்டால் பழைய டி-கோடு திரையையே புதிய வண்ணத்தில் உலாவிக்குள் திறக்கின்றன. பழைய சன்னலும் போய்விடவில்லை: எஸ்ஏபி ஜியுஐயின் 8.00 பதிப்பு 2023இல் வெளிவந்தது. மேகத்தில் ஓடும் ஏபாப் சூழலில் மட்டும் நிலைமை வேறு: அங்கே எஸ்ஏபி ஜியுஐ இல்லை, எஸ்இ80 இல்லை. எக்லிப்ஸில்தான் எழுதவேண்டும், எஸ்ஏபி வெளிப்படையாக அனுமதித்த இடைமுகங்களை மட்டுமே தொடலாம். இதே கட்டுப்பாட்டைத் தம் சொந்தச் சர்வரிலும் கடைப்பிடிக்கும்படி ‘கிளீன் கோர்’ என்ற பெயரில் வாடிக்கையாளர்களை எஸ்ஏபி வற்புறுத்திவருகிறது. இசட் எழுத்தில் தொடங்கும் பல்லாயிரம் சொந்த நிரல்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், அவற்றுள் எவை இன்னும் யாருக்குத் தேவை என்று இப்போதுதான் கணக்கெடுக்கின்றன.