பள்ளிக்கூடத் தாதியும் நம் பிள்ளைகளும்

பள்ளிக்கூடத் தாதி என்றொரு உத்தியோகம் கல்முனைக் கரையோரத்துப் பாடசாலைகளில் இல்லை; அவளுக்குரிய வேலை மட்டும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் வந்து, முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரப் பிள்ளைகளைப் பரிசோதித்துச் செல்கின்றனர். அக்குழுவிலே பெண்பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவது குடும்பநல உத்தியோகத்தருடன். ஊரார் அவரை ‘மிஸி’ என்பர். கர்ப்பிணிகளைக் கவனித்தல், வீடுதோறும் செல்லுதல், குழந்தைகளின் நிறை பதிதல் என்னும் சுமைகளின் மேல் இதுவும் ஒரு சுமை. இத்தொழிலின் இன்பதுன்பங்களை அறிய விரும்புவோர் அது பிறந்த கதையை முதலில் அறிதல் நன்று.

1902 இல் நியூயோர்க் நகரப் பாடசாலைகளுக்கு வைத்தியர்கள் வரத்தான் செய்தனர். கண்ணோயும் படர்தாமரையும் பேனும் கண்ட பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதே அவர்கள் செய்த வைத்தியம். குடியேறிய தொழிலாளரின் நெருக்கடியான வீடுகளில் மருந்திட எவருமில்லை. காலையில் விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே தோழரோடு தெருவில் விளையாடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் லிலியன் வோல்ட் என்னும் தாதி, தம்முடன் பணிபுரிந்த லீனா றோஜர்ஸை ஒரு மாதப் பரீட்சையாக நான்கு பாடசாலைகளுக்கு அனுப்பினார். றோஜர்ஸ் செய்தது பெரிய வித்தையன்று. புண்ணைக் கழுவி, மருந்திட்டு, பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். வீடுதேடிச் சென்று தாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். மேலும் தாதியர் நியமிக்கப்பட்டனர். 1902 செப்டெம்பரில் 10,567 ஆக இருந்த விலக்கல்கள் அடுத்த செப்டெம்பரில் 1,101 ஆயின. தம் கைவேலையின் பயனை இவ்வாறு எண்ணிக் காணும் பேறு எத்தனை தொழில்களுக்கு உண்டு? ஆசிரியத் தொழிலுக்கு இல்லை.

ஆயினும் அரசுகளும் முதலாளிகளும் இத்தகைய பணிகளை ஆதரித்தது இரக்கத்தினால் மட்டுமன்று. இங்கிலாந்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனையை ஏற்படுத்திய 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னே, போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது வறிய இளைஞர் பலர் உடற்றகுதியின்றித் திருப்பப்பட்ட அதிர்ச்சி இருந்தது. துப்பாக்கி சுமக்கத் தோள் வேண்டியபோதே தொழிலாளி மகனின் தோளைப் பார்த்தனர். இலங்கையிலும் 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப் புழு ஒழிப்பு தோட்டங்களிலேதான் தொடங்கிற்று. சோகை பிடித்த தொழிலாளியால் கொழுந்து குறையுமன்றோ! மருந்துக்கு இசைந்த துரைமார் மலசலகூடச் செலவுக்கு முகஞ் சுளித்தனர். புழு வெறுங்காலின் வழியே மண்ணிலிருந்து மீண்டும் ஏறியது. 1926 இல் களுத்துறையிலே சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, வைத்தியரும் தாதியும் மருத்துவமாதும் பரிசோதகரும் வீட்டையும் பாடசாலையையும் ஒருங்கே கவனிக்கத் தொடங்கியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். இன்றைய மிஸியின் தாய்வழி அங்கேதான் உள்ளது.

தாய்வழி என்றதும் நம் ஊர் நினைவுக்கு வருகின்றது. இக்கரையோர முஸ்லிம்களிடையே வீடு மகளுக்குரியது. மணமகன் அங்கு வந்து வாழ்வான். உம்மாவும் மகளும் சாச்சியும் ஒரே ஒழுங்கையில் இருப்பர். ஒரு வாசலிற் சொன்ன சொல் ஒழுங்கை முழுதும் பரவும். ஆடவரான பரிசோதகர் படலையோடு நிற்க, மிஸி குசினிவரை செல்கின்றார். 2017 இல் ஆறாந் தரப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி வந்தபோது, நமக்கு வாய் வராத விடயத்தை அவரே உம்மாமாருக்கு விளக்கினார். அதே மரபு அவருக்கு இடருமாகும். தாய்வீட்டு ஒழுங்கையின் துணையிலே பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்குத் தூர இடமாற்றம் எளிதன்று.

எனினும் பெருந்துன்பம் அதுவன்று. கண்டுபிடித்தல் அவர் கையில். தீர்த்தல் பிறர் கையில். அயற்பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதிய ஏழாந் தர மாணவி ஒருத்தியைக் கள்ளி என்று நாம் ஏசியதுண்டு. சுவரில் எழுத்தட்டையை மாட்டிப் பார்த்த மிஸி, “இவளுக்குக் கரும்பலகையே தெரியல்ல” என்றார். நாம் வெட்கினோம். கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதப்பட்டது. தகப்பன் கரைவலை இழுப்பவர்; உம்மா கைக்குழந்தைக்காரி. கிளினிக் நாள் என்பது கூலியில்லாத நாள். தடுப்பூசிக்காக மறுபடி வந்த மிஸி முதலிற் கேட்டது அத்துண்டைப் பற்றியே. அது கொப்பி மட்டைக்குள் மடித்தபடி இருந்தது. மாணவியை முன்வாங்குக்கு மாற்றியிருக்கின்றோம். அடுத்த பரிசோதனை பத்தாந் தரத்தில்.