தொழிற்கணக்கும் சமண ஆசிரியர்களும்

சிராவகர் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று களவாமை. இவ்விரதத்திற்கு நேரக்கூடிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரமும் சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் எடுத்துரைக்கின்றன. அவற்றுள் ஒன்று, கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தல். வேளாண்மையும் வணிகமும் செய்து வாழும் இல்லறத்தாருக்கு அளவும் நிறையும் அறத்தின் பகுதி என்பதே இதன் கருத்து. நேர்மையாக அளக்க விரும்புவோன் பிழையின்றிக் கணக்கிடவும் அறிந்திருத்தல் வேண்டும். தொழிலுக்கு வேண்டிய கணக்கைச் சமண ஆசிரியர்கள் நூலாக இயற்றிக் கற்பித்த வரலாற்றை இப்பின்னணியில் காண்பது பொருந்தும்.

அவர்களுள் தலைசிறந்தவர் மகாவீராசாரியார். இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் காலத்தில், கி.பி. 850ஐ ஒட்டி, ‘கணிதசார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இவர் இயற்றினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. சமையல், மருத்துவம், இசை, கட்டடக்கலை முதலிய எல்லாத் துறைகளுக்கும் கணிதம் பயன்படுவதை ஆசிரியர் நூலின் தொடக்கத்திலேயே போற்றுகிறார்.

நூலின் ஒன்பது அதிகாரங்களும் அமைந்துள்ள முறையே ஒரு பாடத்திட்டம் போன்றது. முதலில் நீளம், காலம், தானியம், பொன், வெள்ளி ஆகியவற்றின் அளவைகள். அடுத்து அடிப்படைச் செயல்கள், பின்னங்கள், பலவகைக் கணக்குகள். அதன்பின் மூவெண் விதி; வட்டி, பங்கீடு, பொன் கலத்தல் ஆகியவை அடங்கிய கலப்புக் கணக்கு; நிலப்பரப்பு; குழி தோண்டுதல், செங்கல் அடுக்குதல், மரம் அறுத்தல்; இறுதியில் நிழலளவை. விதியைச் சொன்னவுடன் அதற்குரிய வினாக்களைத் தருவது இவர் வழக்கம். சினாலயத்தில் மலர் சாத்துவோரும் சந்தையில் பொருள் விற்போரும் அவ்வினாக்களில் வருகின்றனர்.

மூவெண் விதியைத் தமிழ்நாட்டு அளவையில் இவ்வாறு விளக்கலாம். 36 மரக்கால் நெல்லின் விலை 9 பணம் எனில், 20 மரக்காலின் விலை யாது? 36 பிரமாணம்; 9 பலம்; 20 இச்சை. இச்சையைப் பலத்தால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் 5 பணம் என்னும் விடை கிடைக்கும். இந்த ஒரு விதியை ஐயமறக் கற்ற இளைஞன் கூலி, வட்டி, விலை ஆகிய மூன்றையும் தானே கணக்கிடுவான். பிறர் சொல்லும் தொகையை அப்படியே ஏற்க வேண்டிய நிலை அவனுக்கு இல்லை.

வடமொழி அறியாதோர்க்கும் இக்கல்வி சென்று சேர வேண்டியிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் இராசாதித்தியர் என்னும் சமணர் கன்னடத்தில் ‘வியவகார கணிதம்’ இயற்றினார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லி சுல்தான்களின் கருவூலத்திலும் நாணயச்சாலையிலும் பணிபுரிந்த தக்குர பேரு என்னும் சமணர், மக்கள் வழக்குக்கு நெருங்கிய மொழியில் ‘கணிதசார கௌமுதி’யை எழுதினார். சுவருக்கு வேண்டிய செங்கல், கும்மட்டத்தின் கன அளவு, வயலின் விளைச்சல் ஆகியவை அதில் இடம்பெற்றன. புதிதாகக் கட்டப்பட்டுவந்த கட்டட வடிவங்களையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டமை, பாடம் தொழிலைப் பின்தொடர வேண்டும் என்பதற்குச் சான்று.

தமிழ்நாட்டில் இதே பணியைத் திண்ணைப் பள்ளிகள் செய்தன. மணலில் எண் எழுதிப் பழகிய சிறுவர் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். தானிய அளவைக்கு நெல்லிலக்கம், பொன் நிறுத்தலுக்குப் பொன்னிலக்கம், நில அளவைக்குக் குழிமாத்து எனத் தனித்தனி வாய்பாடுகள் இருந்தன. மாகாணி என்பது 1/16, காணி 1/80, முந்திரி 1/320. 16 அணா கொண்ட ரூபாய் வழங்கிய நாளில் ஓரணா என்றாலே மாகாணி ரூபாய் என்று அவர்கள் அறிந்தனர்.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் பதின்ம நாணயம் வழக்கிற்கு வந்தது. மெட்ரிக் அளவைகளும் படிப்படியாகப் பரவின. பழைய வாய்பாடுகள் பயனிழந்தன. அந்த மாற்றம் கணக்கை எளிதாக்கியது. அதற்காக வருந்த வேண்டுவதில்லை. எனினும், எண்ணைக் கற்கும்போதே அதன் பயன்படும் இடத்தையும் கற்ற பழக்கம் அத்துடன் தளர்ந்தது. சதுர அடி காணும் சூத்திரத்தைத் தேர்வில் எழுதிய மாணவன், தன் வீட்டுத் தளத்திற்கு எத்தனை ஓடு வேண்டும் என்று கேட்டால் தயங்குவது இன்று புதிதன்று. கடன் பத்திரத்தில் மாதத்திற்கு நூற்றுக்கு 2 என்று எழுதியிருப்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 24 ஆகும் என்பதைக் கணக்கிடாமல் கையொப்பமிடுவோரும் உண்டு.

சமண மரபு அளவையை உலகியல் அளவை, உலகு கடந்த அளவை என இரண்டாகப் பகுத்தது. நேமிச்சந்திரரின் திரிலோகசாரம் இவ்விரண்டையும் கூறுகிறது. மூவுலகின் அளவைச் சிந்தித்த அறிவு மரக்காலையும் தராசையும் இழிவாகக் கருதவில்லை. உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கடைக்கோ, பட்டறைக்கோ, வயலுக்கோ செல்லவிருக்கும் பிள்ளைக்கு விலைச்சீட்டையும் வட்டியையும் நில அளவையும் வைத்துக் கணக்குக் கற்பித்தல் அம்மரபின் தொடர்ச்சியே. அப்பிள்ளை பிறரால் ஏமாற்றப்படமாட்டான். அறியாமையால் பிறர்க்குக் குறைத்தளக்கவும் மாட்டான். களவாமை விரதத்தைக் காக்கும் கல்வி அது.