சேற்றில் நட்ட கல்

போன வாரம் சிங்கப்பூரின் அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயை நட்டநடுச் சேற்றில் நிறுத்திவிட்டுப் போனேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போன இடத்தில்கூட ஒருவர் விடவில்லை. "அப்புறம் என்ன சார் ஆச்சு?"

வாருங்கள், அங்கேயே போவோம்.

1962. ஜூரோங்.

ஒரு பக்கம் அலையாத்திக் காடு, இன்னொரு பக்கம் இறால் குளங்கள். நடுவில் தலை சீவிய குன்றுகள். குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து சதுப்பில் கொட்டுகிறார்கள்.

அங்கேதான் இரும்பாலைக்கு அடிக்கல். இரும்புத் தாது ஒரு பிடி கிடைக்காத ஊரில்!

'கோவின் கிறுக்குத்தனம்' என்று சிரித்தார்கள். சிரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தேக்காவும் ஒருகாலத்தில் எருமை புரண்ட சேறுதான். அங்குள்ள பஃபலோ ரோடு என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அது தானாக வளர்ந்த ஊர். இதுவோ அரசாங்கப் பணம்.

அதுவும் யார் கையால்? செலவு என்றாலே முகம் சுளிக்கும் நிதியமைச்சர். அவர்தான் பொருளியல் வளர்ச்சிக் கழகத்துக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கியிருந்தார்.

ஏன்?

டச்சுப் பொருளியல் நிபுணர் வின்செமியஸ் தந்த அறிக்கை தைரியம் கொடுத்தது. அது ஊரறிந்தது. ஊரறியாதது ஒன்று உண்டு. காரில் போகும் வழியில் பள்ளிக்கூடம் விடும். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் வாசலைத் தாண்டி வருவார்கள். பார்க்கும்போதெல்லாம் கோவுக்கு மனசு கனத்துப்போகும்.

இத்தனை பேருக்கும் வேலைக்கு எங்கே போவது?

பிரதமர் லீ குவான் இயூவிடம் அவரே சொன்னது இது.

கிறுக்கிலும் ஒரு கணக்கு இருந்தது. தாது எதற்கு? உடைத்த கப்பலின் பழைய இரும்பு போதும். அதை உருக்கினால் கட்டடக் கம்பி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அப்போது அடுக்குமாடிகளாகக் கட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. சரக்கு வருமுன்பே வாங்க ஆள் தயார்!

கல் இறங்கியது.

ஆலை வந்தது. பின்னால் ஒன்று, இரண்டு என்று மற்றவையும் வந்தன. தாமான் ஜூரோங்கில் மாடி வீடுகளும் எழுந்தன.

குடியேறத்தான் ஆளில்லை.

பொழுது சாய்ந்தால் தொழிலாளிகள் பஸ் ஏறி நகரத்துக்கே போய்விடுவார்கள். சினிமா அங்கே, சொந்தபந்தம் அங்கே. இங்கே இருட்டும் கொசுவும்தான்.

சம்பளம் கொடுத்து வேலைக்கு வரவழைக்கலாம். வாழ வரவழைப்பது எப்படி?

அப்போதுதான் திட்டமிட்டவர்களின் பார்வை ஜூரோங் ஆற்றின் மேல் விழுந்தது. கடலோடு ஏறி இறங்கும் உப்பாறு.

அதை மறித்துவிட்டால்?

(தொடரும்)